ஒரு கப் மாவு எத்தனை கிராம்? சமையல் குறிப்பில் உள்ள கப் அளவை எடையாக மாற்றுவது எப்படி?

எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. கப் காட்டுவது கொள்ளளவு, தராசு காட்டுவது எடை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தந்தப் பொருளின் அடர்த்தி. 240 மி.லி. கப்பில் தண்ணீர் 240 கிராம் பிடிக்கும் என்றால், எண்ணெய் சுமார் 220, சர்க்கரை 200, தேன் 340 கிராம் பிடிக்கும். மைதா 120 கிராமுக்குச் சற்று முன்பின்னாகத்தான் வரும்.

முதலில், குறிப்பை எழுதியவரின் கப் எது என்று பாருங்கள். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி., ரைஸ் குக்கருடன் வருவது பெரும்பாலும் 180 மி.லி. உங்கள் கப்பின் அளவு தெரியாவிட்டால், வெறும் கப்பைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் மில்லிலிட்டர்.

அடுத்தது, அளக்கும் விதம். ஒரே கப்பில், ஒரே மைதாவைச் சலித்து, கரண்டியால் மெல்ல இட்டுத் தலைதட்டியபோது 118 கிராம் வந்தது. டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளியபோது 149 கிராம் வந்தது. கேக் ஒரு நாள் பஞ்சாகவும் மறுநாள் கட்டியாகவும் வருவதற்கு இந்த 31 கிராமே போதும்.

இதைவிடப் பெரிய பாடத்தை எனக்குக் கற்பித்தது அதிரசம். எங்கள் அத்தை சொன்ன ஆழாக்குக் கணக்கை, இணையத்தில் கிடைத்த அட்டவணையை நம்பிக் கிராமாக்கினேன். எண்ணெயில் இட்டதும் ஓரம் கரைந்து, அதிரசம் அப்படியே பிரிந்துபோயிற்று. அத்தை அளந்தது உடைத்த வெல்லத் துண்டுகளை. அட்டவணை சொன்னதோ பொடித்து அழுத்திய வெல்லத்தை. துண்டுகளுக்கிடையே காற்று இருப்பதால், என் கப்பில் துண்டு வெல்லம் 150 கிராமும் பொடி வெல்லம் 210 கிராமும் இருந்தன. மாவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊறிய அரிசி ஏறக்குறைய கால் பங்கு எடை கூடிவிடுவதாலும், நிழலில் உலர்த்தும் நேரத்தைப் பொறுத்து அந்த ஈரம் மாறுவதாலும், ஈர மாவை நிறுத்துக் கணக்கிடுவது சரிவராது. ஊற வைப்பதற்கு முன் பச்சரிசியை நிறுத்துக்கொண்டு, கிலோவுக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று வைத்த பிறகே எனக்கு அதிரசம் ஒழுங்காக வருகிறது.

பாட்டிமார்களின் படி, உழக்குக் கணக்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு படிக்கு நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு என்பது எங்கும் ஒன்றுதான் என்றாலும், படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. அதனால் ஒரு தொல்லையும் நேரவில்லை, ஏனெனில் அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே பாத்திரம். நான்குக்கு ஒன்று என்று ஒரே கப்பால் அளக்கும் இட்லி மாவுக்கு இன்றும் தராசு தேவையில்லை.

சோடா உப்பு, ஈஸ்ட் போன்றவற்றுக்கும் கரண்டியே மேல். ஒரு கிராம் துல்லியமுள்ள வீட்டுத் தராசு, இரண்டு மூன்று கிராம் நிறுக்கும்போது எளிதில் பிசகும், 5 மி.லி. தேக்கரண்டியைத் தலைதட்டி எடுங்கள்.