எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்: கேள்வி பதில்

சேலம் மாவட்டத்துப் பள்ளி, குழுக் கால்பந்து ஆட்டங்களில் பல ஆண்டுகளாக விசில் பிடிப்பவன் என்ற முறையில், பயிற்சியாளர்களின் நடத்தை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி, பயிற்சியாளர்: ஐயா, கத்துவதுதான் எங்கள் வேலை. அதற்குமா மஞ்சள் அட்டை?

உங்கள் வீரர்களைப் பார்த்துக் கத்துவது குற்றமே அல்ல. நீங்கள் நிற்க வேண்டிய பகுதி, பயிற்சியாளர்களும் மாற்று வீரர்களும் அமரும் இருக்கைகளின் இருபுறமும் 1 மீட்டரும், முன்பக்கம் எல்லைக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்பு வரையும் நீளும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அங்கிருந்து ஆட்ட உத்திகளைச் சொல்லலாம். நம் மைதானங்களில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டுமே கிடப்பதால், ஆட்டத்துக்கு முன்பே அந்த எல்லையைச் சுண்ணாம்புத் தூளால் வரைந்து இரு தரப்புக்கும் காட்டிவிடுவேன். எப்போதாவது வெளியே வந்தால் எச்சரிக்கை போதும். திரும்பத் திரும்ப வந்தாலோ, கேலியாகக் கைதட்டினாலோ, தண்ணீர் பாட்டிலை எறிந்து எதிர்ப்பைக் காட்டினாலோ மஞ்சள். நின்ற ஆட்டத்தை உங்கள் அணி மீண்டும் தொடங்குவதை நீங்கள் தாமதப்படுத்தினால் மஞ்சள். எதிரணி தொடங்கவிடாமல் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் நேரடியாகச் சிவப்பு. இந்த வேறுபாடு அனுபவமுள்ள பயிற்சியாளர்களுக்கே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஓமலூர், புதிய நடுவர்: எங்கள் ஆட்டங்களில், வெளியே நின்று இருக்கைப் பக்கத்தைக் கவனிக்கும் நான்காவது நடுவர் கிடையாது. ஒவ்வொரு முடிவுக்கும் முறையிடும் பயிற்சியாளரை எப்படிச் சமாளிப்பது?

முதல் பத்து நிமிடங்களுக்குள் பேசிவிடுங்கள். பந்து வெளியே போகும்வரை பொறுத்து, ஓடாமல் நடந்து சென்று, விரல் நீட்டாமல், அவருடைய பக்கவாட்டில் நின்று இரண்டே வாக்கியங்களில் முடியுங்கள். அவர் கேள்வியாகக் கேட்டால் பதில் சொல்லலாம். புலம்பலுக்குப் பதில் தேவையில்லை. "இன்னொரு முறை பேசினால் அட்டைதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள்; அவர் அடுத்து முணுமுணுத்தால்கூட அட்டையை எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வந்துவிடும். அவருடைய இருக்கைப் பக்கம் ஓடும் உதவி நடுவரிடம், எது காதில் விழுந்தால் கொடியை உயர்த்தி உங்களை அழைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தொடக்க காலத்தில் நான் முதல் பாதி முழுவதும் காது கேளாதவன்போல் இருந்துவிட்டேன். இரண்டாம் பாதியில் துணைப் பயிற்சியாளரும் மாற்று வீரர்களும் சேர்ந்துகொள்ள, எச்சரிக்கையோடு அடங்கியிருக்க வேண்டிய விஷயம் சிவப்பு அட்டையில் போய் நின்றது. அந்தப் பழி என்னுடையதுதான்.

ஏற்காடு, உடற்கல்வி ஆசிரியர்: மூடுபனியில் இருக்கையிலிருந்து ஒரு வசைச்சொல் வந்தது. சொன்னவர் யாரென்று தெரியவில்லை. யாருக்கு அட்டை?

மலைமேல் விசில் பிடித்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்த சங்கடம் இது. பயிற்சியாளர் போன்ற குழு அலுவலர்களுக்கும் அட்டை காட்டும் முறை 2019-20 பருவத்தில் விதியில் சேர்ந்தது. குற்றம் செய்தவரை அடையாளம் காண முடியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே தண்டனை என்றும் அந்த விதியே கூறுகிறது. ஆனால் குரல் அந்த இருக்கையிலிருந்துதான் வந்தது என்பதில் உங்களுக்கு ஐயம் இருக்கக் கூடாது. பின்னால் பெற்றோர்கள் நின்றிருக்க, பனியில் நிழல்கள் மட்டுமே தெரிந்தால், நான் அட்டையைத் தொட மாட்டேன்.

ஆத்தூர், பெற்றோர்: நாங்கள் கத்தினால்?

உங்களுக்கு அட்டை கிடையாது. அமைப்பாளர்களிடம் சொல்லி உங்களை அகற்றச் சொல்வார் நடுவர். இடையூறு தொடர்ந்தால் ஆட்டத்தையே நிறுத்தலாம்.

மேட்டூர், குழுச் செயலாளர்: எங்கள் மருத்துவ உதவியாளர் சிவப்பு அட்டை பெற்றால், அடிபட்டவரைக் கவனிப்பது யார்?

வேறு மருத்துவ ஆள் இல்லாவிட்டால் அவரே இருந்து சிகிச்சை அளிக்கலாம். பயிற்சியாளருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் மைதானச் சுற்றுப்புறத்தை விட்டே வெளியேற வேண்டும்.

சங்ககிரி, பயிற்சியாளர்: ஆட்டம் முடிந்த பிறகு நடுவரிடம் கோபப்படலாமா?

நடுவர் மைதானத்தை விட்டு நீங்கும்வரை அட்டை காட்டும் அதிகாரம் அவரிடமே இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதும் அறிக்கையில் ஏறும். அந்த அறிக்கையில், "தகாத வார்த்தை பேசினார்" என்று எழுதாமல், நீங்கள் சொன்ன சொல் எதுவோ அதை அப்படியே எழுதுவேன்.