பக்கத்துக் கட்டில்

அன்புள்ள அம்மா,

நர்சிங் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். உங்கள் கட்டுரைகளில் வரும் சிஸ்டர்கள் எல்லாரும் பொறுமையின் வடிவமாக இருக்கிறார்கள். நான் பார்த்தது வேறு.

ஐப்பசி மழை சமயத்தில் என் மனைவிக்கு டெங்கு வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் நாள் பிளேட்லெட் 42,000. காய்ச்சல் 102. பக்கத்துக் கட்டிலில் ஒரு கல்லூரிப் பெண். அவளுக்கு அன்று மத்தியானமே காய்ச்சல் விட்டுவிட்டது. பிளேட்லெட்டும் 78,000 இருந்தது. எழுந்து உட்கார்ந்து அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் ராத்திரி முழுக்க டூட்டி சிஸ்டர் அவளையே சுற்றி வந்தார். பி.பி. பார்க்கிறார், கையைத் தொடுகிறார், யூரின் போனாயா என்று கேட்கிறார், கடைசியில் டாக்டருக்குப் போன் போட்டு எழுப்பி வரவழைக்கிறார். நான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு முறை போய் நின்றேன். "அவங்க நல்லா இருக்காங்க சார், ஓ.ஆர்.எஸ். குடிக்க வைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மனைவி குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. கவுண்ட் குறைந்தவரை விட்டுவிட்டு, கவுண்ட் அதிகமாக உள்ளவரைக் கவனிப்பது என்ன நியாயம்? யாரை முதலில் பார்ப்பது என்பது டாக்டர் முடிவு செய்யவேண்டியது அல்லவா? அடுத்த முறை இப்படி நடந்தால் நான் என்ன செய்யவேண்டும்?

கே.

*

அன்புள்ள கே.,

நான் அந்த வார்டில் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்: அந்த சிஸ்டர் நின்றது சரியான கட்டிலில்தான்.

டெங்குவில் காய்ச்சல் விட்டால் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். வார்டில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அதையொட்டி வரும் 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்ச் சுவர் வழியாகக் கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்ச் சேரும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம், தண்ணீர் வற்றிய குழம்பு மாதிரி கெட்டிப்படும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோக்ரிட் ரிப்போர்ட்டில் ஏறிக்கொண்டே போவது அதனால்தான். கசிவு அதிகமானால் ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை. உங்கள் மனைவிக்கு அன்றைக்கு 102 டிகிரி காய்ச்சல். அந்தக் கட்டத்துக்கு அவர் இன்னும் வரவில்லை, வாயால் குடிக்கவும் முடிந்தது. பக்கத்துக் கட்டில் பெண் அந்தக் கட்டத்துக்குள் நுழைந்து சில மணி நேரம் ஆகியிருந்தது.

எழுந்து உட்கார்ந்து பேசினாள் என்கிறீர்கள். அதுதான் ஏமாற்றும். ரத்த அளவு குறையும்போது உடல் கை கால்களுக்குப் போகும் குழாய்களை இறுக்கி, இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிக்கொடுக்கும். அதனால் ஆள் தெளிவாகப் பேசுவார். பி.பி.யின் மேல் எண்ணும் அதிகம் குறையாது. கீழ் எண் மேலே ஏறும். காலையில் 110/70 இருந்தது ராத்திரி 100/80 ஆகும். மேல் எண்ணை மட்டும் பார்க்கிறவர் "100 இருக்கே, பரவாயில்லை" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் இருந்த 40 இப்போது 20 ஆகிவிட்டது என்று பார்க்கிறவர் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். 20-க்கு வந்துவிட்டாலே ஷாக் தொடங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். சின்ன வயசு உடம்பு இதை நெடுநேரம் சமாளிக்கும். பிறகு ஒரேயடியாகச் சரியும். அந்த சிஸ்டர் அவள் கையைத் தொட்டது ஆறுதலுக்காக என்று நினைத்திருப்பீர்கள். சில்லிட்டிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். யூரின் பற்றிக் கேட்டதும் அதே கணக்குத்தான், சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று.

பிளேட்லெட் விஷயத்தில் நம் ஊரே ஒரு மயக்கத்தில் இருக்கிறது. வாட்ஸப்பில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கும் ஒரே எண் அதுதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20,000-க்குக் கீழே போன, ஆனால் பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக பிளேட்லெட் ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு. அந்த எண் வேண்டாம் என்று சொல்லவில்லை; சட்டென்று விழுவது ஒரு குறிப்பு. ஆனால் வார்டில் யாரை முதலில் பார்ப்பது என்பதை அது மட்டும் தீர்மானிக்காது. (பப்பாளி இலைச் சாறு கொடுத்தீர்களா என்று கேட்கப்போவதில்லை. கொடுத்திருந்தால் சிஸ்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். ஓயாத வாந்தி டெங்குவின் அபாய அறிகுறிகளில் ஒன்று. சாறு குடித்ததால் வந்த வாந்தியா, நோயால் வந்ததா என்று ராத்திரியில் அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?)

டாக்டர் வேலை அல்லவா என்ற கேள்விக்கு வருகிறேன். நோய் என்ன, மருந்து என்ன என்பது டாக்டர் முடிவு. ஆனால் அவர் ரவுண்ட்ஸில் வரும்போது பார்க்கும் உடம்பு வேறு, ஆறு மணி நேரம் கழித்து அதே கட்டிலில் இருக்கும் உடம்பு வேறு. இடையில் நடப்பதைப் பார்க்க ஆள் நர்ஸ்தான். கிறிஸ்டின் டானர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 2006-இல் ஒரு நர்ஸ் யோசிக்கும் விதத்தை நான்காகப் பிரித்து எழுதினார்: கண்ணில் படுவது, அதற்கு அர்த்தம் காண்பது, செயல்படுவது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. முதல் படிதான் கடினம் என்பது என் எண்ணம். கண்ணில் படாததைப் பற்றி யாரும் யோசிக்கப்போவதில்லை. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்பதை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். உடல் நிலை மோசமாகப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுகளில் அது முக்கியமானது. ஒரு நிமிஷம் நின்று எண்ணவேண்டும். கூட்டம் நெரியும் வார்டுகளின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் எல்லாருக்கும் மூச்சு 20 என்று எழுதியிருக்கும். யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம்.

இதை எண்களாக்கி யார் பார்த்தாலும் புரியும்படி செய்ய முயன்றிருக்கிறார்கள். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய 'நியூஸ்' மதிப்பெண் முறை அப்படிப்பட்டது. மூச்சு, ஆக்சிஜன், பல்ஸ், பி.பி., சூடு, நினைவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டவேண்டும். 5 வந்தால் அவசரம், 7 வந்தால் பெரிய அவசரம். நல்ல முறை, நான் ஆதரிக்கிறேன். ஆனால் உதாரணத்துக்கு பி.பி. 100/80, பல்ஸ் 104, மற்றதெல்லாம் சரியாக இருக்கும் ஒரு டெங்கு நோயாளியை அதில் போட்டுப் பாருங்கள். பி.பி.க்கு 2, பல்ஸுக்கு 1. மொத்தம் 3. நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும் என்கிற அளவு அது. ஏனென்றால் அந்த அட்டவணை மேல் எண்ணை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. டெங்கு வார்டில் வேலை செய்த சிஸ்டர் அதற்கு மேல் தன் மூளையைச் சேர்த்தால்தான் அந்தப் பெண் பிழைப்பாள்.

அந்த மூளை எங்கிருந்து வருகிறது? பட்ரீஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் நர்ஸுகளிடம் பேசிப் பேசி 1984-இல் ஒரு புத்தகம் எழுதினார். திறமை எப்படி வளர்கிறது என்று விமானிகளையும் செஸ் ஆட்டக்காரர்களையும் வைத்து ட்ரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த ஐந்து படிகளை நர்சிங்குக்குப் பொருத்தினார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று வருஷம் இருந்தவருக்குத்தான் எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று பிரிக்க வரும். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: பழுத்த அனுபவசாலியையும் பழக்கமில்லாத வார்டில் கொண்டுபோய்ப் போட்டால் கிட்டத்தட்டப் புதியவர் ஆகிவிடுவார். நம் மருத்துவமனைகளில் 'ஸ்டாஃப் யாராவது ஒருத்தர் இருந்தால் சரி' என்று பிரசவ வார்டிலிருந்து எலும்பு வார்டுக்கும், அங்கிருந்து காய்ச்சல் வார்டுக்கும் மாற்றுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அடுத்தது போன். டாக்டரை எழுப்பினார் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். வார்டுக்குள் அது சாதாரணமில்லை. பல சிஸ்டர்கள் போனில் சொல்வது இப்படி இருக்கும்: "சார், 14-ஆம் பெட் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க." தூக்கக் கலக்கத்தில் அந்தப் பக்கத்திலிருந்து "சரி, பாத்துக்கோங்க" என்று பதில் வரும். அதோடு முடிந்தது. சொல்லவேண்டியது இப்படி: "சார், 14-ஆம் பெட், டெங்கு, காய்ச்சல் விட்டு பன்னிரண்டு மணி நேரம் ஆச்சு. காலைல 110/70, இப்ப 100/80. பல்ஸ் 104. கை சில்லுன்னு இருக்கு. ஆறு மணி நேரமா யூரின் போகலை. ஷாக்குக்குப் போறாங்கன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பாக்கணும்." நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, தன் கோரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய முறையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த வடிவம் இது. முதல் இரண்டு பகுதியை நம் பிள்ளைகள் நன்றாகவே சொல்லிவிடுவார்கள். "நினைக்கிறேன்", "வரணும்" என்ற இரண்டில்தான் நாக்கு புரளாது. நினைப்பது உன் வேலை இல்லை என்று படிக்கும் காலத்திலிருந்தே அவர்களுக்குப் பல விதமாகச் சொல்லியாகிவிட்டது. உங்கள் கடிதமும் அதையேதான் கேட்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் 1990-களில் தொடங்கிய அவசரக் குழு முறையில், எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் நர்ஸுக்குப் பலமான கவலை இருந்தால் அதுவே குழுவைக் கூப்பிடப் போதுமான காரணம்.

வார்டில் பாரபட்சமே இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. கவுன்சிலரிடமிருந்து போன் வந்த கட்டிலுக்கு முதல் மரியாதை நடக்கும். நோயாளியோடு வந்து சத்தம் போடுகிறவரைச் சமாளிக்க, சத்தமில்லாத நோயாளி காத்திருப்பார். கிராமத்துக் கிழவி வலி என்றால் "சும்மா இரு பாட்டி" என்றுவிடுவார்கள். அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்ப்பதை ஜனங்கள் இப்போது ஓரளவு ஏற்றுக்கொள்கிறார்கள், கண்ணெதிரே நிறம் இருக்கிறது. வார்டுக்குள் அந்த நிறங்கள் நர்ஸின் தலைக்குள் இருக்கின்றன. வெளியில் இருப்பவருக்கு அது ஓரவஞ்சனையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. உங்களிடம் ஒரு நிமிஷம் நின்று அவர் காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ராத்திரி அவர் பொறுப்பில் எத்தனை கட்டில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐகன் குழுவினர் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். கலிஃபோர்னியாவில் 2004 முதல் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே நடைமுறையில் இருக்கிறது. நம் பக்கத்தில் ராத்திரி டூட்டியில் முப்பது கட்டிலுக்கு ஒருவர் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. முப்பதில் ஒன்றைத் தேர்ந்து அங்கே நிற்பது என்றால் இருபத்தொன்பதைக் காக்க வைப்பது என்று தெரிந்தேதான் நிற்கிறார்.

அடுத்த முறை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்பதோடு, பி.பி.யின் இரண்டு எண்களையும் கேளுங்கள். எவ்வளவு குடித்தார், எப்போது யூரின் போனார் என்று ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வையுங்கள். சிஸ்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணமில்லாத அமைதியின்மை அல்லது அசதி, இவற்றில் எது வந்தாலும் எழுந்து போய்ச் சொல்லுங்கள். ட்ரிப்ஸை மெதுவாக ஓடவிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். கசிந்த நீர் பிறகு ரத்தத்துக்குள் திரும்பி வரும். அந்த நேரத்தில் அளவுக்கு மீறி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இன்னொன்று. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அதே வகை திரும்ப வராது, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை தாக்கும்போது நிலைமை கடுமையாவதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் மனைவியின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். இனி அவருக்குக் காய்ச்சல் வந்து எங்கே சேர்த்தாலும், முன்பு டெங்கு வந்தது, இன்ன வருஷம் வந்தது என்று அட்மிஷன் போடும்போதே சொல்லிவிடுங்கள்.