அம்மாவின் பாதசரம் கறுத்துப்போச்சு, என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, அம்மாவின் வெள்ளிப் பாதசரத்தைப் பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். தை மாதம் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. எடுத்துப் பார்த்தால் கரி மாதிரிக் கறுத்துக் கிடக்கிறது. மாமி பழப்புளி போடச் சொல்கிறா, தங்கச்சி பற்பசை என்கிறாள். கடையில் கொடுத்தால் எடை குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, ஆரையம்பதி

பதில்: மகள், பயப்பட ஒன்றுமில்லை. நல்ல வெள்ளியும் கறுக்கும். அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. வெள்ளியின் மேல்தோல் கந்தகத்தோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். வாவிக்கரைச் சேற்றில், கண்டல் மரங்களுக்குக் கீழே கூழ்முட்டை நாற்றம் வருமே, அந்த நாற்றத்தைத் தரும் வாயுதான் வெள்ளியையும் கறுப்பாக்குகிறது. அது காற்றில் துளியளவு இருந்தாலே போதும். மாரிகாலத்து ஈரமும் சேர்ந்தால் இன்னும் கெதியாகக் கறுக்கும். பேப்பரிலும் கந்தகம் கலந்திருப்பதுண்டு, அதனால் வெள்ளியைப் பேப்பரில் சுற்றவே கூடாது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், கறுப்பைச் சுரண்டி எடுக்கும்போது போவது உங்கள் அம்மாவின் வெள்ளி. பற்பசையில் நுண்ணிய அரைதுகள் இருக்கிறது. வெள்ளியோ மிக மெதுமையான உலோகம். பளபளப்பு வந்தது போலத் தெரியும், வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், மயிரிழை போலக் கீறல்கள் ஓடியிருக்கும். மாமி சொன்ன பழப்புளி குத்துவிளக்குக்கு அருமையான சாமான், செம்பு, பித்தளையின் களிம்பை அது எடுக்கும். வெள்ளியின் கறுப்பு புளிக்கும் தேசிக்காய்க்கும் கரையாது. போனது போல இருந்தால், அது நீங்கள் தேய்த்த தேய்ப்பில் போனது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள். பாதசரத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, தாளின் மேல் படும்படி வையுங்கள். ஒரு லீற்றர் கொதிநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் (பேக்கிங் சோடா) ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் வேறு, அப்பச்சோடா வேறு, கடையில் பார்த்து வாங்குங்கள். ஊற்றியதும் சின்னச் சின்னக் குமிழி எழும்பும், அதே கூழ்முட்டை நாற்றம் லேசாக வரும். யன்னலைத் திறந்துவிடுங்கள். தாளில் படும் இடங்களில் கறுப்பு முதலில் மஞ்சளாகி, பிறகு வெளுக்கும். ஐந்து நிமிடத்தில் மரக்கரண்டியால் புரட்டிப் போடுங்கள்.

இந்த முறையை நான் விரும்புவதற்குக் காரணம், கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்கிறது, வெள்ளி இருந்த இடத்திலேயே மறுபடி வெள்ளியாகிவிடுகிறது. உங்கள் எடைப் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கறுப்பு தடிப்பாக இருந்தால் புதுத் தாள், புதுத் தண்ணீரோடு இன்னொருக்கா செய்யுங்கள்.

எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மணிகளுக்குள் தண்ணீர் நிற்கும், அதுதான் கவனிக்க வேண்டிய இடம். துணியில் வைத்து உதறி, காற்றாடிக்குக் கீழே ஓர் இரவு விடுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் மங்கலான வெள்ளையாக இருக்கும். பழைய பருத்தித் துணியால் ஒரே திசையில் துடைத்தால் ஒளி வந்துவிடும். பூவேலையின் பள்ளங்களில் கொஞ்சம் கறுப்பு மிஞ்சினால் அப்படியே விடுங்கள். அந்த நிழல் இருந்தால்தான் வேலைப்பாடு எடுத்துக் காட்டும். முழுக்க வெளுத்த பழைய நகையைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

அப்புறம், சடங்கு முடிந்ததும் பூட்டி வைத்துவிடாதீர்கள். மகள் போட்டு நடக்கட்டும். அடிக்கடி போடும் வெள்ளி உரசலிலேயே துலங்கும். கழற்றினால் பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில் வையுங்கள். இறப்பர் வளையம் மட்டும் வேண்டாம், இறப்பரிலும் கந்தகம் உண்டு.

கேள்வி: அகீக் கல் பதித்த வெள்ளி மோதிரம் அணிகிறேன். கல்லைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது. சுடுதண்ணீரில் ஊறப்போடலாமா?
- வாசகர், காத்தான்குடி

பதில்: வேண்டாம் தம்பி. கல் உறுதியானதுதான், அதைப் பிடித்திருக்கும் பசையோ அரக்கோ சூட்டில் இளகிவிடும். மேலே சொன்ன சோடா முறையும் கல் வைத்த நகைக்கு ஆகாது, முத்துக்குக் கட்டாயம் ஆகாது. ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்ட ஈரத் துணியால் துடைத்து, குழந்தைகளின் பல்துலக்கியால் கல்லின் ஓரத்தை மெதுவாகத் தட்டிவிடுங்கள். தொழுகைக்காகக் கை, முகம் கழுவி வுழூ செய்தபின் மோதிரத்தைக் கழற்றி உட்பக்கத்தையும் துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளம் வடிந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டிருக்கும் நாட்களில் குளிக்கும்போது கழற்றி வையுங்கள். குளோரின் வெள்ளியைக் கெடுக்கும், அதில் கலந்த செம்பையும் அரிக்கும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் கட்டியிருக்கிறோம். இடுப்பில் கறுப்புக் கோடு விழுகிறது. உடம்பில் சூடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.
- வாசகி, திருக்கோவில்

பதில்: குழந்தைக்கு ஒன்றுமில்லை. வியர்வையும் பவுடரும் எண்ணெயும் சேர்ந்து உரசும்போது வெள்ளியின் கறுப்பு தோலில் இறங்குகிறது. குளிப்பாட்டும்போது அரைஞாணையும் சேர்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். கடையில் போத்தலில் விற்கும் முக்கியெடுக்கும் திரவத்தைக் குழந்தையின் நகைக்குப் பாவிக்கவே வேண்டாம். அதில் அமிலம் இருக்கும், குழந்தையோ கைக்கு அகப்பட்டதை வாயில் வைக்கும். கோடு சிவந்து தடித்தால் அது வேறு விஷயம். வெள்ளியில் கலந்த உலோகம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அரைஞாணைக் கழற்றிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 925 என்று பொறித்த சங்கிலி மஞ்சளாகிறது. ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், கல்முனை

பதில்: நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. கறுப்பதற்கு முன் வெள்ளி மஞ்சளிக்கும். மெதுவான துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாமல் உரசும் இடங்களில் மட்டும் நிறம் மாறியிருந்தால், மேலே போட்ட பூச்சுத் தேய்ந்திருக்கும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, பட்டறையில் கொடுத்து மறுபூச்சுப் போட வேண்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள்.