ஆபீஸ், வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் சமாளித்து நேரத்தை மிச்சம் பிடிக்க எந்த ஆப் நல்லது?

ஆப் எதுவும் வேண்டாம். எதெதற்கெல்லாம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யார் நம்பரோ அவர் தலையில்தான் அந்த வேலை. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம், மற்றவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன்.

"எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது, ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் உட்கார முடிகிறது" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் வேலைக்குப் போகிற பெண், வீட்டில் பெரியவர் ஒருவராவது இருக்கிறார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உண்டு, வீட்டுக்காரருக்குப் போனில் கிரிக்கெட் பார்க்கத் தெரியும், கேஸ் புக் பண்ணத் தெரியாது. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் தப்பாக இருக்காது.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டன் போடுகிறவள். ஜவுளி, நூல், மஞ்சள் மண்டி, ரெண்டு மூன்று ஹார்டுவேர் கடை, இதுதான் எங்கள் பார்ட்டிகள். மாதத்தில் 11ஆம் தேதிக்குள் விற்பனை ரிட்டன், 14ஆம் தேதி 2பி வரும், அதாவது நமக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், அதை வைத்துக் கொள்முதலைச் சரிபார்த்து 20ஆம் தேதிக்குள் 3பி, வரியைக் கணக்குப் போட்டுக் கட்டுகிற ரிட்டன். இந்தப் பத்து நாளில் எங்கள் ஆபீசில் யாராவது கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் முதலாளி முகம் போகிற போக்கே வேறு. கெடு தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டன் என்றாலும் நாளுக்கு 20 ரூபாய் லேட் ஃபீஸ். அது பார்ட்டி பணம்தான், ஆனால் பேச்சு வாங்குவது நாங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து "அந்தக் காலத்துக்கே போகச் சொல்கிறீர்களா" என்று ஆரம்பிப்பார்கள். 2017க்கு முன்னால், ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய விற்பனை வரியான வாட் காலத்திலும் இதே வேலைதான் பார்த்தேன். அதில் இருந்த தொல்லை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நான் எதிரி இல்லை, சோறு போடுவதே அதுதான். நான் சொல்வது வேறு.

ரிட்டனைத் தயார் செய்வது பெரிய வேலையே இல்லை. பார்ட்டியிடமிருந்து ஓடிபி வாங்குவதுதான் வேலை. கம்பெனிகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து உண்டு, சாதனம் நம் கையில் இருந்தால் செருகி முடித்துவிடலாம். தனி ஆள் பெயரில் இருக்கிற கடைகளுக்கு, கடைசியில் ஃபைல் பட்டனை அமுக்கும்போது அவருடைய போனுக்கும் மெயிலுக்கும் ஓடிபி போகும். ராத்திரி எட்டரைக்கு ஒரு மண்டிக்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணா, இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லுங்க." அவர் கண்ணாடியைத் தேடி, போனை ஸ்பீக்கரில் போட்டு, மெதுவாகப் படித்தார். போட்டால் தவறு என்கிறது. மறுபடி கேட்டால் அதே நம்பர். எதைப் படிக்கிறார் என்று பார்த்தால், அன்றைக்குக் கணக்கில் வரவு வந்த தொகையைப் பைசாவோடு சேர்த்து ஆறு இலக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். "அதுவும் நம்பர்தானேம்மா" என்றார். சிரித்துவிட்டேன், அதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பினால் அவர் லைனில் இல்லை, சாப்பிடப் போய்விட்டார்.

இது போதாதென்று ஈ-வே பில், வண்டியில் போகிற சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கிற சீட்டு. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் போட வேண்டும், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். லாரி வழியில் நின்று வேறு வண்டியில் சரக்கை மாற்றினால் புது வண்டி நம்பரை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் செக்கிங்கில் பிடித்துக்கொள்வார்கள். டிரைவர் யாரைக் கூப்பிடுவார்? என்னை. 2025 ஏப்ரலிலிருந்து அந்தத் தளத்துக்குள் நுழையவே எல்லோருக்கும் ஓடிபி. ஆக நான் பார்ட்டியைக் கூப்பிட வேண்டும், பார்ட்டி தூங்கிக்கொண்டிருப்பார், டிரைவர் லைனில் காத்திருப்பார், பக்கத்தில் என் சின்னவன் "அம்மா நாளைக்கு செம்பருத்திப் பூ கொண்டு போகணும்" என்பான்.

செம்பருத்திப் பூ எங்கிருந்து வந்தது என்றால் வகுப்பு வாட்ஸப் குரூப்பிலிருந்து. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்ட செய்தி, நான் பார்த்தது பத்து மணிக்கு. பெற்றோர் குரூப் என்று பெயர், உள்ளே போய்ப் பார்த்தால் முக்கால்வாசி அம்மாக்கள். அப்பாக்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களும் சுதந்திர தினத்துக்குக் கொடி படம் போடுவதோடு சரி. எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர், பெருந்துறையில் ஷிஃப்ட் வேலை, வீட்டில் பாத்திரம் கழுவுவார், துணி காயப்போடுவார், இதையெல்லாம் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போனில் செய்கிற வேலை எதுவுமே அவர் கண்ணுக்கு வேலையாகத் தெரியாது. நான் சோபாவில் உட்கார்ந்து ஈபி பில் கட்டினால் "ரெஸ்ட் எடுக்கிறாயா" என்று கேட்பார்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். என் மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இருந்தவரை ஈபி பில், கேஸ், ரேஷன், பாஸ்புக்கில் வரவு போடுவது, ரயில் டிக்கெட் ரிசர்வேஷன் எல்லாம் அவர் பொறுப்பு. காலையில் பத்து மணிக்கு வெள்ளை ஈபி அட்டையையும் பாஸ்புக்கையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், வரிசையில் நின்று, நாலு பேரிடம் பேசி, ஒரு டீ குடித்து, ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருவார். வீட்டுக்கு வந்ததும் ரசீதை அத்தையிடம் காட்டுவார். அது வேலை என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மரியாதையும் இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போனுக்கு வந்தது. வரும்போது "நம்பர் கொடுங்க" என்று கேட்டார்கள். "மருமக நம்பர் கொடுங்க, அதுதான் ஆபீஸ்ல இருக்கு, அதுக்குத்தான் தெரியும்." ஒவ்வொரு கவுண்டரிலும் இப்படித்தான். வரிசை ஒழிந்தது உண்மை, ஆனால் வரிசையில் நின்ற மனிதர் செய்த வேலை ஒழியவில்லை, அப்படியே என் போனுக்கு வந்துவிட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர் வேலையும் சேர்ந்து வந்துவிட்டது. பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் இப்போது நாம்தானே அடிக்கிறோம்?

2022 நவம்பரில் ஈபி இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, எதிர் வீட்டுப் பாட்டி, முக்குக் கடைக்காரர், வாடகைக்கு இருப்பவர்கள் என்று பாதித் தெருவுக்கு நான்தான் செய்து கொடுத்தேன். ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நான் காய் நறுக்கிக்கொண்டே செய்தேன். ஒருவரும் அதை வேலை என்று நினைக்கவில்லை, "ரெண்டு நிமிஷம்தானே கண்ணு" என்றார்கள். இந்த ரெண்டு நிமிஷம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குப் பொறுமை போனது அத்தையின் ஆயுள் சான்றிதழில்தான். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று தர வேண்டும். 2014இலிருந்து ஜீவன் பிரமாண் என்று ஆதார் வழியாகத் தரலாம். அத்தைக்குக் கைரேகை தேய்ந்துவிட்டது, கருவி எடுக்கவே எடுக்காது. 2021இல் முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்தது, நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் முகத்தை வட்டத்துக்குள் காட்டிக் கண் சிமிட்ட வேண்டும். அத்தையை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, "சிமிட்டுங்க அத்தை" என்றால், சாமி கும்பிடுவது போல் மொத்தமாக மூடிக்கொள்வார். "திறங்க" என்றால் திறந்துவிட்டுச் சிமிட்டவே மாட்டார். கண்புரை ஆபரேஷன் செய்த கண், வெளிச்சம் பட்டால் தண்ணீர் வேறு வரும். கடைசியில் அலுத்துப்போய், "ஏங்கண்ணு, நான் இருக்கேன்னு நானே சொன்னா ஒத்துக்க மாட்டாங்களா?" என்றார். அன்றைக்குத் தேதி 19. ஒரு பக்கம் லேப்டாப்பில் 3பி திறந்திருக்கிறது, இன்னொரு பக்கம் அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பார்ட்டி தன் போனிலிருந்து அனுப்பிய ஓடிபியும் அத்தையின் ஓடிபியும் என் போனில், எது யாருடையது என்றே தெரியவில்லை.

அந்த மாதம் கெடு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்து எழுதினேன். கேஸ், ஈபி, மூன்று ஆதார், பள்ளிக்கூடம், பென்ஷன் கணக்கு, இன்ஷூரன்ஸ், வண்டியின் ஆர்சி, வீட்டு வரி, எல்லாவற்றிலும் என் நம்பர். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கேஸ் நம்பரை வீட்டுக்காரருக்கு மாற்றினேன். சிலிண்டர் வந்தால் டெலிவரி ஆள் அந்த நாலு இலக்கத்துக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும், ஷிஃப்டில் இருந்தாலும் சரி. வகுப்பு குரூப்பில் நான் வெளியே, அவர் உள்ளே. டீச்சரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அத்தைக்கு ஒரு பட்டன் போன் வாங்கி, ஆதாரில் அந்த நம்பரை ஏற்றினோம். அதற்கு அத்தையை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை, தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து மாற்றிக் கொடுத்தார், அப்போது 50 ரூபாய்.

"வயசானவங்க கையில ஓடிபியைக் கொடுத்தா எவனாவது ஏமாத்திடுவான்" என்று சொல்ல வருவீர்கள், தெரியும். பட்டன் போனில் லிங்கை அமுக்கவே முடியாது, ஆப் எதுவும் இறக்க முடியாது, அதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும்? போனுக்குப் பின்னால் 1930 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், சைபர் மோசடிக்குக் கூப்பிடுகிற நம்பர். அத்தை விவரமானவர், "நம்ம வீட்டு ஆள் எதிர்ல நின்னாத்தான் நம்பர் சொல்லுவேன்" என்று பேங்கிலிருந்து பேசுகிறேன் என்றவனையே திட்டி வைத்திருக்கிறார்.

ஆபீசிலும் இதையே பிடித்தோம். பல ஆபீஸ்களில் வசதிக்காகப் பார்ட்டியின் பதிவில் தங்கள் நம்பரையே போட்டு வைத்திருப்பார்கள். முதலாளியும் அப்படிச் செய்துவிடலாமா என்று கேட்டார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கடைக்கு அவர்தான் பொறுப்பு, நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் "எனக்கு எதுவுமே வரலையே" என்பார். அதற்குப் பதிலாக, போன் பார்க்கத் தெரிந்த மகனோ மருமகளோ இருந்தால் அவரைக் கையெழுத்துப் பொறுப்பில் சேர்த்து அவர் நம்பரைப் போடச் சொன்னோம். இப்போது ஓடிபிக்குக் கூப்பிடும் நேரம் மாலை ஐந்து முதல் ஆறு, தாண்டினால் மறுநாள். மூன்று நான்கு பார்ட்டி முறைத்தார்கள், ஒருவர் வேறு ஆபீசுக்கே போய்விட்டார், போகட்டும். கெடு நீட்டித்தால் மட்டும் இந்த ஒழுங்கெல்லாம் பறந்துவிடும். 2025 ஜனவரியில் பொங்கலுக்கு முன்னால் விற்பனை ரிட்டனை 13 வரைக்கும் தள்ளினார்களே, உடனே "அதான் ரெண்டு நாள் இருக்கேம்மா" என்று பில்லே அனுப்பாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

பில் அனுப்புவது என்றதும் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகையைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் பிடிஎஃப் ஆகப் போட்டுவிட்டு, "அழைத்ததாகவே ஏற்றுக்கொள்ளவும்" என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள் பாருங்கள். முன்பெல்லாம் தாம்பூலத் தட்டோடு வீடு தேடி வந்து உட்கார்ந்து கூப்பிடுவார்கள். இப்போது அந்த பிடிஎஃபைத் திறக்காமல் விட்டால் நம் மேல் கோபம், "ப்ளூ டிக் வந்துச்சே, ஏன் வரலை" என்று சண்டை. கூப்பிடுகிறவருக்கு ரெண்டு நிமிஷம், போகாதவருக்கு ரெண்டு வருஷம் பேச்சு. அதிலும் முகூர்த்தம் எல்லாம் சொல்லிவைத்தாற்போல 18, 19 தேதியில்தான் வருகிறது.

நம்பரை மாற்றியதால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. முதல் மாதம் வீட்டுக்காரர் கேஸ் செய்தியைக் கவனிக்காமல் விட்டு ரெண்டு நாள் இண்டக்ஷன் அடுப்பில் சமைத்தோம். நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சின்னவன் ஒருநாள் மஞ்சள் சட்டை நாளில் வெள்ளைச் சட்டையில் போய்விட்டு வந்து அப்பாவிடம் அழுதான். அடுத்த வாரத்திலிருந்து அவர் ராத்திரி சாப்பிட்டதும் குரூப்பைப் பார்த்துவிட்டுத்தான் கிரிக்கெட் பார்க்கிறார். நீங்கள் செய்தாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுவீர்கள், பாவமே என்று போய் எடுத்துச் செய்துவிடாதீர்கள்.

"எங்க வீட்ல இதெல்லாம் நடக்காது" என்று எழுதப் போகிறவர்களுக்கும், "பெண்கள் எதற்கெடுத்தாலும் புலம்புவார்கள்" என்று எழுதப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், இது காலாண்டு மாதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3பி போடுகிற சின்னக் கடைகளுக்கு இங்கே 22தான் கெடு. அதற்குப் பிறகுதான் பின்னூட்டங்களைப் படிப்பேன்.