மெனோர்காவில் காற்றைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: செப்டம்பரில் நானும் மனைவியும் பார்சிலோனா போகிறோம். அங்கிருந்து ஐந்து நாள் ஏதாவது ஒரு தீவில் தங்க ஆசை. பார்ட்டி, இரைச்சல் எதுவும் வேண்டாம். நடக்க இடம், பறவைகள், அமைதியான கடற்கரை இருந்தால் போதும். எங்கே போகலாம்? கார் தேவைப்படுமா?

பதில்: யோசிக்கவே வேண்டாம், மெனோர்கா போங்கள். பார்சிலோனாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, கப்பலும் உண்டு. பக்கத்துத் தீவுகளான மயோர்காவிலும் இபிசாவிலும் கரையின் பல பகுதிகளை ஹோட்டல்கள் நிறைத்துவிட்டன. மெனோர்காவை 1993-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக, அதாவது மக்கள் வாழ்ந்தபடியே இயற்கையையும் காக்கும் இடமாக, அறிவித்தது. அதன் கடற்கரையில் பெரும்பகுதி இன்னும் பைன் மரமும் பாறையுமாகவே இருக்கிறது. செப்டம்பரும் நல்ல தேர்வுதான். ஆகஸ்டுக் கூட்டம் குறைந்திருக்கும், கடல் நீர் மட்டும் இதமாகவே இருக்கும். முடிந்தால் மாதத்தின் பிற்பாதியில் போங்கள்.

அங்கே போனதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்று. வடக்கிலிருந்து வீசும் 'திரமுந்தானா' காற்று பலமாக அடித்தால் வடகரையில் அலை கொந்தளிக்கும், குளிக்க முடியாது. அதே நாளில் தென்கரையின் சிறு குடாக்கள் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். காற்று தெற்கிலிருந்து வந்தால் நிலைமை தலைகீழ். அதனால் எந்த நாளில் எந்தக் கடற்கரை என்று ஊரிலிருந்தே அட்டவணை போடாதீர்கள். காலையில் காற்றின் திசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டு கரைகளும் ஒன்றுபோல இருக்காது. தெற்கே சுண்ணாம்புப் பாறை, வெள்ளை மணல், பைன் நிழல். வடக்கே செந்நிற மணலும் கரும்பாறையும். ஃபவாரிட்ஸ் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக் கருங்கற்பலகைகளை அடுக்கி வைத்ததுபோல் பாறை. செடிகூட அதிகம் கிடையாது. எனக்கு வடக்குதான் பிடிக்கும்.

நடப்பதற்கு 'கமி தெ கவாய்ஸ்' இருக்கிறது. கரையைக் காவல் காக்கக் குதிரையில் சுற்றிவந்த பழைய பாதை. தீவை முழுதாக வளைத்து 185 கி.மீ. ஓடுகிறது. எஸ் கிரா என்ற கடலோரச் சிற்றூரிலிருந்து ஃபவாரிட்ஸ் வரையிலான சுமார் 9 கி.மீ. துண்டு உங்களுக்குப் பொருத்தம். எஸ் கிராவை ஒட்டியே அல்புஃபேரா காயல், நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன இடம். அப்புறம் தலைக்கு மேலும் ஒரு கண் வையுங்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு காலத்தில் அர்ச்சகர் கையால் சோறு உண்ண வந்த மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு மெனோர்காவில் ஆண்டு முழுதும் வாழ்கிறது.

சில கரைகளில் பழுப்புநிற நாடாக்கள் குவிந்து கிடக்கும், கொஞ்சம் வாடையும் வரும். குப்பை என்று முகம் சுளிக்க வேண்டாம். அவை பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலைகள். பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள தாவரம். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதில் இந்தப் புல்வெளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கரையில் குவிந்த இலைகள் குளிர்கால அலை மணலை அரித்துப் போகாமல் காக்கின்றன. இலைக்குவியல் இருக்கும் கரை என்றால் இயற்கையாக விடப்பட்ட கரை என்று நம்பிப் போகலாம். படகு வாடகைக்கு எடுத்தால் இந்தப் புல்லின் மேல் நங்கூரம் போடக் கூடாது. அது சட்டப்படி தடை.

சரி, கார். வடகரைக்குக் கட்டாயம் தேவை. சிறிய காராக எடுங்கள், கிராமத்துச் சாலைகள் கல்சுவர்களுக்கு நடுவே ஒடுக்கமாகப் போகும். வண்டி நிறுத்துமிடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் காலை ஒன்பதுக்கு முன்னே போய்விடுங்கள், இல்லையென்றால் மாலையில் போங்கள். தென்கரையின் புகழ்பெற்ற மகரேயா குடாவுக்கு மட்டும் கார் வேண்டாம். பஸ்ஸில் காலா கால்தானா வரை போய், அங்கிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால் வந்துவிடும்.

ஒதுக்குப்புறக் குடாக்களில் கடை, குடிநீர், கழிப்பறை எதுவும் இருக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கொண்டுபோங்கள். பாதை முழுக்கக் கல் என்பதால் செருப்பு உதவாது, பிடிமானமுள்ள ஷூ போடுங்கள்.