பருப்பையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. கைத்தசைகள் மெலிந்து, பேச்சும் குழறத் தொடங்கியதால் பரிசோதித்ததில், ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய்) என்றார்கள். டி.டி.பி.-43 என்ற புரதத்துக்கான மரபணுவில் மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. கோளாறு புரதத்தில்தான் என்பதால் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இது சரியா?

பதில்: சரியல்ல. இன்றே மீண்டும் கொடுக்கத் தொடங்குங்கள். அறிக்கை குறிப்பிடும் புரதம் உணவிலிருந்து வருவதன்று. ஒவ்வோர் உயிரணுவும் தானே தயாரித்துக்கொள்வது.

அதன் வேலை என்னவென்று பார்ப்போம். முதுகுத்தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள ஓர் இயக்க நரம்பணுவின் (தசையை இயக்கும் நரம்பணுவின்) இழை, பாதம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்கிறது. உட்கருவில் உருவாகும் தூது ஆர்.என்.ஏ., அதாவது ஒரு புரதத்தைத் தயாரிப்பதற்கான செய்முறைக் குறிப்பு, சில வேளைகளில் அவ்வளவு தொலைவும் போக வேண்டியிருக்கிறது. டி.டி.பி.-43 போன்ற புரதங்கள், அந்த ஆர்.என்.ஏ.யில் தமக்குரிய எழுத்து வரிசையை (டி.டி.பி.-43-க்கு, ஆர்.என்.ஏ.யின் நான்கு வேதி எழுத்துகளில் யூ, ஜி மிகுந்த பகுதி) அடையாளம் கண்டு பற்றிக்கொண்டு, அதைச் சிறு மணியாகத் திரட்டுகின்றன. அந்த மணியை நுண்குழல்கள் என்னும் தண்டவாளத்தின் மீது கைனசின் என்னும் இழுவைப் புரதம் கொண்டுசெல்கிறது. விநாடிக்கு 1 மைக்ரோமீட்டர் (மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வீதம் நிற்காமல் ஓடினாலும் பாதத்தை எட்ட 11 நாட்களுக்கு மேலாகும். உண்மையில் அது நின்று நின்று, சில சமயம் பின்னோக்கியும் நகர்கிறது.

ஏ.எல்.எஸ். நோயாளிகளின் நரம்பணுக்களில் காணப்படும் திரள்களின் முக்கியப் பொருள் டி.டி.பி.-43 என்பது 2006-ல் தெரியவந்தது. பெரும்பாலும் உட்கருவில் இருக்க வேண்டிய அது வெளியே வந்து உறைந்துவிடுவதால் உள்ளே அதன் பணி தடைப்படுகிறது. வெளியே சரக்குப் போக்குவரத்தும் சீர்கெடுகிறது. நரம்பிழைக்குச் சட்டம்போல அமையும் நியூரோஃபிலமென்ட் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ., மாற்றமடைந்த டி.டி.பி.-43 உள்ள நரம்பணுக்களில் முன்னோக்கி நகரத் திணறுவதை 2014-ல் ஆய்வாளர்கள் காட்டினர். மரபணு மாற்றமே இல்லாத பெரும்பாலான நோயாளிகளிடமும் இந்தத் திரள்கள் உண்டு. அவை உயிரணு தானே தயாரித்த புரதம் உறைந்து உருவானவை. எனவே, உங்கள் கணவர் சாப்பிட்ட பருப்போ முட்டையோ மீனோ இதற்குக் காரணமன்று.

இந்நோயில் எடை குறைவது உடல்நிலையை மேலும் மோசமாக்கும் என்பதால் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பேச்சு குழறுகிறவருக்கு விழுங்குவதும் சிரமமாகலாம். பருப்பை நன்றாக மசித்து, நெய் சேர்த்துக் குழைவாகக் கொடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றுக்குள் நேரடியாக உணவு செலுத்தும் குழாயைப் பொருத்தும் தேவை வருமானால், மூச்சுத்தசைகள் தளர்வதற்கு முன்பே செய்துகொள்வது பாதுகாப்பானது. இந்நோய்க்கான ரிலுசோல் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி தொடருங்கள். செய்திகளில் வரும் டோஃபெர்சன் ஊசி, எஸ்.ஓ.டி.1 என்ற வேறொரு மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கானது. உங்கள் கணவருக்குப் பொருந்தாது.

அறிக்கையில் அந்த மாற்றம் ‘நோய் உண்டாக்குவது’ என்றிருக்கிறதா, ‘பொருள் உறுதியாகாதது’ (நோய்க்குக் காரணமா என்று இன்னும் தெரியாதது) என்றிருக்கிறதா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். முதலாவது என்றால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த மாற்றம் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. வந்தவர்கள் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. மரபணு ஆலோசகரைப் பார்க்காமல் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்ய வேண்டாம்.