சயாமில் இறந்தவரைத் தேடுவது பற்றி

உங்கள் அப்பப்பாவின் தம்பி மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர், 1943இல் "சயாமில் காலமானார்" என்ற ஒற்றை வரியோடு அவர் கதை நின்றுபோனது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆண்டில் சயாம் (இன்றைய தாய்லாந்து) என்றால் பெரும்பாலும் ஜப்பானியர் கைதிகளையும் ஆசியத் தொழிலாளரையும் கொண்டு போட்ட பர்மா ரயில் பாதைதான். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 235 என்ற வரிசையில் போர்க்குற்ற விசாரணைக் கோப்புகள் இருக்கின்றன, அவற்றில் ஆசியத் தொழிலாளரின் பெயர் அரிதாகத்தான் வரும், ஆனால் முகாமும் மாதமும் தெரிந்தால் அங்கே அப்போது என்ன நடந்தது என்று சாட்சியங்களில் பிடிக்கலாம். 1943 மே, ஜூனில் வாந்திபேதி முகாம் முகாமாக அள்ளிக்கொண்டு போனது. பெயர் தேடுவதென்றால் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் தலையிடி: எங்கள் வீட்டுச் சின்னத்தம்பி ஒரு பட்டியலில் எஸ்ஸில், இன்னொன்றில் சியில், மூன்றாவதில் தகப்பன் பெயரே அவர் பெயராக! அப்புறம், உங்கள் அப்பப்பாவின் தம்பி மனைவிக்கு மலாயா பென்சன் வந்ததா? வந்திருந்தால் அந்தக் கடதாசியில் வேலை இலக்கமும் இறந்த திகதியும் இருக்க வாய்ப்புண்டு. பெட்டகத்துக்குள் காணி உறுதிகளோடு கிடக்கும், முதலில் அதைக் கிளறுங்கள்.